களிமண் குழந்தைப் பொம்மையின் தலையில் முடி நிற்கவில்லையா? அறிகுறியைப் பார்த்துத் திருத்தும் வழி

ஏப்ரல் சீசனுக்கு நுவரெலியாவில் கடை போடும் ஒருவருக்கு ஒரு வருடம் 12 குழந்தைப் பொம்மைகள் செய்து கொடுத்தேன். சீசன் முடிவதற்குள் ஐந்து திரும்பி வந்தன. ஐந்தும் மொட்டை. கழன்ற முடியை லஞ்ச் ஷீட்டில் பொதிந்து, எந்தப் பொட்டலம் எந்தப் பொம்மைக்கு என்று எழுதியும் அனுப்பியிருந்தார் கடைக்காரர். ஒரு வார்த்தை திட்டியிருந்தால்கூட மனம் ஆறியிருக்கும்.

அன்று நான் பழி போட்டது பசைமேல். அடுத்த இரண்டு மாதமும் விலை கூடிய பசையாக வாங்கித் தீர்த்தேன். அவையும் கழன்றன. அதற்குப் பிறகு என்னுடையதும் பிறர் கொண்டுவந்ததுமாக எத்தனையோ தலைகளுக்கு மறுபடி முடி வைத்துவிட்டேன். மலைநாட்டில் பசை குற்றவாளியாக இருப்பது அபூர்வம் என்பது என் அனுபவம். ஈரமும் எண்ணெயும்தான் முதலில் விசாரிக்கப்பட வேண்டியவை. ஆகவே கீழே ஒவ்வொரு அறிகுறிக்கும் காசு செலவில்லாத காரணம் முன்னால் வருகிறது, பணப்பையைத் திறக்கவைப்பது பின்னால் வருகிறது. அந்த வரிசையிலேயே பாருங்கள்.

தலை எந்தக் களி என்பதை முதலில் தெரிந்துகொள்ள வேண்டும். ஓவனில் சுட்ட பொலிமர் களி ஒன்று. கடையில் வாங்கும் காற்றில் உலரும் களியும், சோளமாவோடு பைண்டர் கம் எனும் வெள்ளைப் பசையைப் பிசைந்து வீட்டில் செய்யும் களியும் இன்னொன்று. பொலிமர் தண்ணீரைக் குடிக்காது, ஆனால் அதனுள் எண்ணெய்போன்ற இளக்கி இருக்கிறது. உலரும் களியில் அந்த இளக்கி இல்லை, ஆனால் அது மூடுபனியைக் குடித்துக்கொண்டே இருக்கும். யாரோ செய்த பொம்மையென்றால் கழுத்தின் அடியில், வார்னிஷ் படாத இடத்தில், ஒரு துளி தண்ணீரை ஐந்து நிமிடம் விட்டுத் துடையுங்கள். அந்த இடம் கருத்து, நகம் பதியும் அளவுக்கு மெத்தென்று ஆனால் உலரும் களி.

## முடி கொத்தாகக் கையோடு வருகிறது

பத்தில் எட்டுப் பொம்மைகள் இந்த அறிகுறியோடுதான் வருகின்றன. கழன்ற கொத்தை வெளிச்சத்தில் பிடித்து வேர்ப்பக்கத்தைப் பாருங்கள். அங்கே பசை இருக்கிறதா, இல்லையா? மேற்கொண்டு எந்தப் பக்கம் போவது என்பதை அதுதான் சொல்லும்.

### பசைப் படலமும் சேர்ந்து உரிந்து வந்திருந்தால்

பசை முடியைப் பிடித்திருக்கிறது, தலையைப் பிடிக்கவில்லை. பிழை தலையில்.

முதல் சந்தேகம் எண்ணெய். காலையில் பிள்ளைக்குத் தலைவாரி எண்ணெய் வைத்த கையோடு பொம்மையைத் தொட்டிருப்பீர்கள். பொலிமர் களியில் விரல் ரேகையை அழிக்க பேபி ஒயில் அல்லது வாஸ்லின் தடவியிருப்பீர்கள். நம் தலையில் முடி வளரட்டும் என்று தேய்க்கும் அதே எண்ணெய்தான் பொம்மையின் தலையை மொட்டையாக்குகிறது. முடி வைக்கும் இடத்தில் ஒரு துண்டு செலோடேப்பை அழுத்தி ஒட்டி மெல்ல இழுத்துப் பாருங்கள். எதிர்ப்பே இல்லாமல் வழுக்கி வந்தால் எண்ணெய் இருக்கிறது. பாமசியில் ஐசோபுரொப்பைல் அல்கஹோல் கேட்டு வாங்கி, பஞ்சில் நனைத்து, பஞ்சை மாற்றி மாற்றி மூன்று முறை துடைத்தால் போதும். சேர்ஜிக்கல் ஸ்பிரிட் வாங்குவதென்றால் போத்தலில் எழுதியிருப்பதைப் படியுங்கள். சிலவற்றில் ஆமணக்கெண்ணெய் சேர்க்கிறார்கள். கை கழுவும் சேனிடைசர் ஜெல்லும் உதவாது. கையைக் காக்கப் போட்ட கிளிசரின் தலையில் தங்கிவிடும். நகப்பூச்சு நீக்கும் அசிட்டோனைப் பொலிமர் தலைக்குப் பக்கத்திலேயே கொண்டுபோகாதீர்கள், மேற்பரப்பைக் கரைத்துக் குழப்பிவிடும்.

இரண்டாவது சந்தேகம் வழவழப்பு. கண்ணாடிபோல் மெருகேற்றிய மண்டையைப் பசை எதைக்கொண்டு பிடிக்கும்? 400ஆம் இலக்க உப்புத்தாளால் முடி வரும் பகுதியை மட்டும் மங்கலாகும்வரை தேய்த்து, தூசியைத் துடைத்துவிடுங்கள். நெற்றிக்கோட்டைத் தாண்டினால் அந்தக் கீறல் பொம்மையின் ஆயுள் முழுவதும் தெரியும். பென்சிலால் எல்லை வரைந்துகொண்டு தேய்ப்பது நல்லது.

மூன்றாவது ஈரம். உலரும் களி என்றால் இதையே முதலில் பாருங்கள். வெளியே காய்ந்த தலைக்குள் வாரக்கணக்கில் ஈரம் நிற்கும். தலையைக் கன்னத்தில் வைத்தால் அறைச் சூட்டைவிடச் சில்லென்று இருக்கும். இது கைமதிப்பு. நிச்சயமாகத் தெரிய வேண்டுமென்றால் கேக் செய்யும் இலத்திரனியல் தராசில் தினமும் ஒரே நேரத்தில் நிறுத்து எழுதிவையுங்கள். மூன்று நாள் தொடர்ந்து ஒரே கிராம் காட்டினால் தலை காய்ந்துவிட்டது. மே முதல் செப்டெம்பர் வரை ஹட்டன், மஸ்கெலியா, கினிகத்தேனைப் பக்கம் அந்த நாள் வரவே வராது என்று தோன்றும். பார்க்கப்போனால் நம் பகுதியில் உண்மையாகவே உலர்ந்த இடம் தேயிலைத் தொழிற்சாலையின் உலர்த்தும் அறைதான். கொழுந்தை ஏறத்தாழ 3 சதவீத ஈரப்பதம் வரை அங்கே வறட்டிவிடுகிறார்கள். நம் பொம்மைக்கு அங்கே இடம் கொடுக்கமாட்டார்கள் என்பதால், அட்டைப்பெட்டியில் காற்றுத் துளைகள் போட்டு, பெட்டிச் சுவரில் படாமல் பழைய 40 வோட் இழை பல்பைத் தொங்கவிட்டு, அதில் ஒரு பகல் வைத்தெடுக்கிறேன். எல்ஈடி பல்பு சூடு தராது. பல்பு எரியும்போது வீட்டில் ஆள் இருக்க வேண்டும், படுக்கப் போகுமுன் அணைத்துவிட வேண்டும். விறகடுப்புக்கு மேலே வைத்தால் சீக்கிரம் காயும் என்று என் அம்மாயி சொன்னதைக் கேட்டு ஒரு முறை வைத்தேன். காய்ந்தது, ஆனால் புகையில் குழந்தை கருவாடாகிவிட்டது.

இவை மூன்றும் இல்லை, தலை பொலிமர், துடைத்த மறுநாளே மறுபடி வழுக்குகிறது என்றால் களி வேகவில்லை. அதைக் கீழே பிசுபிசுப்புப் பகுதியில் பாருங்கள். செலவு பிடிப்பது அதுதான்.

### பசை தலையிலேயே நிற்க, முடி மட்டும் வந்திருந்தால்

இங்கே பிழை முடியில், அல்லது உங்கள் கை வேகத்தில்.

கொத்து தடிப்பாக இருந்ததா? வெளிப்பக்க இழைகளுக்கு மட்டும் பசை கிடைத்து, நடுவில் இருப்பவை வெறுமனே சாய்ந்துகொண்டு நிற்கும். முதல் சீப்பில் நடுப்பகுதி உருவிக்கொண்டு வந்துவிடும். ஒரு கொத்து தீக்குச்சியைவிட மெல்லியதாக இருக்க வேண்டும். வேர்முனையைப் பசையில் தொட்டு, விரல்களுக்கிடையில் நசுக்கி, விசிறிபோல் விரித்தபின் தலையில் வையுங்கள்.

முடியைக் கழுவினீர்களா? மொஹேர் எனப்படும் அங்கோரா ஆட்டு முடியோ செம்மறிக் கம்பளியோ, கழுவாமல் வந்தால் ஆட்டின் கொழுப்பு அதில் இருக்கும். சலூனில் கேட்டு வாங்கிய மனித முடியில் நம் ஊர்த் தேங்காயெண்ணெய் முழுதாக இருக்கும். வெதுவெதுப்பான தண்ணீரில் ஷாம்பூ கரைத்து, அதில் ஊறவைத்து, கசக்காமல் எடுங்கள். ஆட்டு முடியைச் சூட்டிலும் தேய்ப்பிலும் மாட்டினால் திரண்டு கம்பளித் துண்டாகிவிடும். கண்டிஷனர் போடக்கூடாது. பளபளப்புக்காகப் போடுகிறோம், அந்தப் பளபளப்பில் பசை பிடிப்பதில்லை.

பசை போட்டுவிட்டுத் தொலைபேசியில் பேசினீர்களா? ஜூலையில் ஹட்டனில் மழை கொட்டும்போது பண்டாரவளையில் கச்சான் காற்று வறட்டிக்கொண்டிருக்கும். ஹட்டனில் கால் மணி நேரம் ஈரமாக நிற்கும் பைண்டர் கம் ஊவாப் பக்கம் அந்த மாதங்களில் மிக விரைவிலேயே மேலே ஆடை கட்டிவிடுகிறது. ஆடைமேல் வைத்த முடி நிற்காது. காற்று அடிக்கும் நாளில் இரண்டு விரல் அகலத்துக்கு மேல் பசை பூசாதீர்கள், சன்னலை மூடிவைத்து வேலை செய்யுங்கள்.

இத்தனையும் சரியாக இருந்தும் வருகிறதென்றால், கடைசியாகத்தான் பசையை மாற்றுவது. கைவினைக் கடைகளில் கிடைக்கும் தடித்த வெள்ளைப் பசை, ஹார்ட்வெயார் கடை பைண்டர் கம்மைவிட நழுவாமல் பிடிக்கும். விலை கூட. முந்திய மூன்றையும் சரிபார்க்காமல் அதை வாங்கினால் நான் அந்த இரண்டு மாதத்தில் செய்ததைத்தான் நீங்களும் செய்கிறீர்கள்.

### ஒரு பக்கம் மட்டும் கழன்றால்

பொம்மை வைத்திருப்பவரிடம் பேசுங்கள். குழந்தை அந்தப் பக்கத்தைப் பிடித்துத் தூக்குகிறது, அல்லது வாயில் வைத்துச் சப்புகிறது. சப்புகிற வயதென்றால் முடியை மறுபடி ஒட்டிக் கொடுக்காதீர்கள். மூன்று வயதுக்குட்பட்ட பிள்ளைக்கு இந்தப் பொம்மையே விளையாட்டுச் சாமான் அல்ல. முடிக்குப் பதில் தலையில் மயிர்க்கோடுகளை வரைந்து கொடுங்கள், அல்லது பொம்மையை அலுமாரியில் வைக்கச் சொல்லுங்கள்.

## பசை வெள்ளையாகத் தெரிகிறது

### சுண்ணாம்புபோல் உதிர்கிறது

வெள்ளைப் பசை காயும்போது கண்ணாடிபோல் தெளிய வேண்டும். குளிரில் காய்ந்தால் தெளியாது. பெரும்பாலான வெள்ளைப் பசைகள் சுமார் 10 பாகை செல்சியஸுக்குக் கீழே படலமாக இறுகாமல் பொடியாக வெளுத்துவிடும். 1,868 மீற்றர் உயரத்தில் உள்ள நுவரெலியாவில் ஜனவரி, பெப்ரவரி இரவுகளில் புல்லின்மேல் உறைபனி பிடிக்கிறது. மாலையில் ஒட்டிவிட்டுத் தகரக் கூரை அறையில் வைத்துத் தூங்கினால் காலையில் குழந்தையின் தலையில் பொடுகு இருக்கும்.

உதிர்வதைப் பல்துலக்கும் தூரிகையால் தட்டிவிட்டு, பகல் 10 மணிக்குமேல் மறுபடி ஒட்டுங்கள். பசைப் போத்தலையும் பொம்மையையும் வேலைக்கு அரை மணி முன்பாக வெதுவெதுப்பான இடத்தில் வைத்திருங்கள். சூடு போத்தலில் மட்டும் இருந்து தலை சில்லென்று இருந்தால் பயனில்லை.

உதிரவில்லை, வெண்மை மட்டும் தெரிகிறது என்றால் அது காயாத ஈரம். இரண்டு நாள் பொறுங்கள். காய்ந்த பிறகு தண்ணீர் பட்டு மறுபடி பால்நிறமாவதும் இந்தப் பசையின் குணம்தான். காய்ந்தால் தெளியும்.

### முடியின்மேல் உறைபனி படிந்ததுபோல் இருக்கிறது

சூப்பர் குளூ போட்டிருக்கிறீர்கள். அது காற்றிலுள்ள ஈரத்தால் இறுகும் பசை. மூடுபனி நாளில் அதன் ஆவி பக்கத்து முடியில் படிந்து வெளுக்கும். கறுப்பு முடியில் கண்ணைக் குத்தும். கழுவினால் போகாது. நுனியில் லேசாக இருந்தால் துளி எண்ணெயை விரலில் தொட்டு அந்த முடியில் மட்டும் தடவி மறைக்கலாம். வேர்வரை வெளுத்திருந்தால் அந்தக் கொத்தை எடுத்துவிட்டு வேறு வைப்பதைத் தவிர வழியில்லை.

சூப்பர் குளூவை முழுத்தலைக்கு நான் பரிந்துரைப்பதில்லை. காய்ந்தால் கண்ணாடிபோல் ஒடிகிறது. பஞ்சிலோ கம்பளியிலோ அதிகமாக ஊறினால் கையைச் சுடும் அளவுக்குச் சூடேறவும் செய்யும். சிந்தியதைப் பஞ்சால் துடைக்கப் போகாதீர்கள். கண்ணில் தெறித்தால் இழுத்துத் திறக்க முயலாமல், தண்ணீரால் கழுவிக்கொண்டே வைத்தியசாலைக்குப் போய்விட வேண்டும். வீட்டு வைத்தியத்துக்கு இதில் வேலையில்லை.

## தலை பிசுபிசுக்கிறது, பசை காயவே இல்லை

உலரும் களியில் இது வந்தால் ஈரம்தான். மேலே சொன்னபடி தராசில் நிறுத்துப் பாருங்கள். பொலிமரில் வந்தால் மூன்று இடங்களைப் பார்க்க வேண்டும்.

உதட்டுக்கும் கன்னத்துக்கும் நகப்பூச்சு பூசியிருக்கிறதா? தலையில் ஸ்ப்ரே வார்னிஷ் அடித்திருக்கிறதா? இரண்டும் பல பொலிமர் களிகளின்மேல் மாதக்கணக்கில் காயாமல் நிற்கும். கடைக்காரர் இதைச் சொல்லமாட்டார், மரத்துக்கும் பிளாஸ்டிக்குக்கும் நல்லது என்பார். அவர் சொல்வதும் பொய்யல்ல. சுரண்டி, உப்புத்தாளால் தேய்த்து எடுத்துவிட்டு, தண்ணீரில் கரையும் அக்ரிலிக் வார்னிஷ் பூசுங்கள்.

பூச்சு எதுவும் இல்லையென்றால் வேகாத களி. கழுத்தின் உட்புறத்தில் நகத்தால் அழுத்துங்கள். தழும்பு மீளாமல் நின்றால், அல்லது மெல்லிய ஓரம் வளையாமல் பிட்டுபோல் உடைந்தால் வேகவில்லை. நல்ல செய்தி, பொலிமர் களியை எத்தனை முறையும் மறுபடி சுடலாம். உறையில் எழுதியிருக்கும் சூடு வகைக்கு வகை வேறு. 110 பாகையும் உண்டு, 135 பாகையும் உண்டு. அரிசிக்கு வைக்கும் கண்மதிப்பு இங்கே செல்லாது. மொஹேரும் மனித முடியும் அந்தச் சூட்டில் உருகாது, அலுமினியத் தாளால் கூடாரம்போல் மூடிவைத்து அரை மணி சுடலாம். செயற்கை முடியென்றால் சுடுவதற்கு முன் முழுவதும் எடுத்துவிட வேண்டும்.

மண்டை முழுக்கக் களியாக உருட்டியிருந்தால் நடுப்பகுதி வேக நேரமெடுக்கும். அடுத்த பொம்மைக்கு அலுமினியத் தாளை உருண்டையாக இறுக்கி அதன்மேல் களியைப் பூசுங்கள். களியும் மிச்சம், வேக்காடும் சமம்.

மறுபடி சுட்டும் பிசுபிசுக்கிறதா? ஓவனைச் சந்தேகியுங்கள். மேசையில் வைக்கும் சிறிய ஓவன்களின் திருகி காட்டும் சூடும் உள்ளே இருக்கும் சூடும் வேறு வேறு. எங்கள் வீட்டில் மாலை ஆறரைக்கு எல்லா வீட்டு விளக்கும் எரியும்போது மின்னழுத்தம் இறங்கி, 130 என்று வைத்தது 100கூடத் தொடுவதில்லை. ஓவனுக்குள் வைக்கும் சூட்டுமானி ஒன்று வாங்குங்கள். நான் இந்தத் தொழிலில் செய்த செலவுகளில் வருத்தப்படாத ஒன்று அது. பகலிலும் சூடு 20 பாகைக்குமேல் ஏறி இறங்கினால் ஓவனை நீங்கள் கழற்றாதீர்கள், மின்சாதனம் திருத்துபவரிடம் கொடுங்கள். களி பழுப்பாகி மூக்கை எரிக்கும் புகை வந்தால் ஓவனை அணைத்து, சன்னல்களைத் திறந்துவிட்டு வெளியே போங்கள். பொலிமர் களியின் அடிப்பொருள் பிவிசி. கருகினால் அதிலிருந்து நச்சுப்புகை வரும்.

## முடி படியாமல் முள்ளம்பன்றிபோல் நிற்கிறது

மூடுபனி நாளா? உங்கள் சொந்த முடியையும் தொட்டுப் பாருங்கள். அடுக்களை உப்பு நமக்கெல்லாம் இலவச ஈரமானி. சாதாரண உப்பு சுமார் 75 சதவீத ஈரப்பதத்தில் கசியத் தொடங்கும். உப்புக் கிண்ணம் கசிகிற நாளில் முடி வாருவதை ஒத்திப்போடுங்கள்.

உப்பு உலர்ந்திருந்தும் நிற்கிறதென்றால் வேரின் திசை பிழை. கொத்தை மண்டைக்குச் செங்குத்தாக நட்டிருப்பீர்கள். பசை நன்றாகக் காய்ந்தபின், தண்ணீரில் நனைத்து உதறிய சீப்பால் (முடிக்குத் தண்ணீர், வேருக்கல்ல) படிய வாரி, பழைய நைலோன் காலுறையைத் தொப்பிபோல் மாட்டி ஓரிரவு வையுங்கள். முக்கால்வாசி இதிலேயே படியும். படியாத கொத்துகளை மட்டும் எடுத்துச் சாய்த்து ஒட்டுங்கள். ஜெல், ஹெயார் ஸ்ப்ரே வேண்டாம். முதல் நாள் அழகாக இருக்கும், பிறகு தூசியை எல்லாம் பிடித்து வைத்துக்கொள்ளும்.

## ஒட்டியிருக்கிறது, ஆனால் தொப்பி வைத்ததுபோல் இருக்கிறது

இது பழுதல்ல என்று சொல்லித் தப்பலாம். ஆனால் திரும்பி வரும் பொம்மைகளில் இதுவும் உண்டு.

குழந்தையின் முடியில் மூன்று விஷயங்கள் இருக்கின்றன. முடி மெல்லியது, அடியில் தோல் தெரியும், உச்சியில் சுழி இருக்கும். நாம் அடர்த்தியாக ஒட்டி, நேர்வகிடு எடுத்து, பிறந்த குழந்தையை மணப்பெண்ணாக்கிவிடுகிறோம். செலவில்லாத திருத்தம் கத்தரிக்கோல்தான். அதைச் சாய்த்துப் பிடித்து, நுனிகளை ஒரே நீளமாக வெட்டாமல் ஏற்ற இறக்கமாகக் குறையுங்கள். நெற்றியோரத்தில் மூன்றில் ஒன்றைச் சாமணத்தால் பிடுங்கி எடுங்கள். பிடுங்கும்போது கை நடுங்கும், பரவாயில்லை.

அதற்கும் சரிவராவிட்டால் மறுபடி ஒட்ட வேண்டும். முடியின் நிறத்தை வெகு தண்ணியாக மண்டையில் பூசிக் காயவைத்துவிட்டுத் தொடங்குங்கள். இடைவெளி வந்தாலும் வழுக்கையாகத் தெரியாது. பிடரியில் ஆரம்பித்து வரிசை வரிசையாக மேலே ஏறி, சுழியில் முடிக்க வேண்டும். சுழிக்கு ஊசியால் ஒரு சிறு துளை போட்டு, கடைசிக் கொத்தின் வேரை அதற்குள் இறக்கினால் முடிச்சு மறைந்துவிடும். உலரும் களியில் இந்தத் துளையைக் காய்வதற்கு முன்பே போட்டுவிடுங்கள், காய்ந்தபின் குத்தினால் மண்டை வெடிக்கும். வெடித்த மண்டையை அதே களியைத் தண்ணியாகக் கரைத்து அடைக்கலாம். வெடிப்பு முகத்துக்கு இறங்கிவிட்டால் பொம்மையைச் செய்தவரிடமே அனுப்புங்கள். ஒரு முறை இரட்டைச் சுழி வைத்துவிட்டேன், கை தவறித்தான். வாங்க வந்த ஆச்சி பார்த்துவிட்டு, இவனுக்கு இரண்டு கல்யாணம் என்று சொல்லிச் சிரித்து அதையே வாங்கிப் போனார்.

## நெற்றியில் பழுப்புக் கறை இறங்குகிறது

வெள்ளை மொஹேரைத் தேயிலைச் சாயத்தில் நனைத்து நிறமேற்றுவது நம் பக்கத்தில் கைக்கெட்டும் வழி. டஸ்ட் தேயிலை கெட்டியாகக் கொதித்தால் நல்ல தேன்பழுப்பு வரும். கறை இறங்குவதென்றால் அலசியது போதவில்லை. ஒட்டுவதற்கு முன் ஈரமுடியை வெள்ளைத் துணியில் வைத்து அழுத்துங்கள், துணியில் நிறம் பிடிக்காத வரைக்கும் அலச வேண்டும். பொலிமர் நெற்றியில் இறங்கிய கறையை முன்னே சொன்ன அல்கஹோலால் எடுத்துவிடலாம். உலரும் களி அதைக் குடித்துவிடும். மெல்லத் தேய்த்து, மேலே தோல் நிறம் பூசுவதுதான் மிச்சம்.

## பூஞ்சை வாடை, அல்லது முடி தானாகக் குட்டையாகிறது

வாடை மட்டும் என்றால் பொம்மையைப் பொலித்தீனில் கட்டி வைத்திருப்பீர்கள். மூடுபனிக் காலத்தில் பொலித்தீனுக்குள் ஈரமும் சேர்ந்தே கட்டுப்படுகிறது. எடுத்து நிழல்காற்றில் விட்டு, உலர்ந்தபின் தூரிகையால் தட்டி, இனிமேல் பருத்தித் துணியில் சுற்றி வையுங்கள். களியிலேயே கரும்புள்ளி படர்ந்து உள்ளேயும் மெத்தென்று இருந்தால் தலை முடிந்துபோன கதை. முடியைக் கழுவி எடுத்துக்கொண்டு புதுத்தலை செய்யுங்கள்.

முடி ஆங்காங்கே வெட்டுப்பட்டதுபோல் இருந்து, அடியில் மணல்போன்ற துகள் கிடந்தால் பூச்சி. அந்துப்பூச்சியின் புழுவுக்கு ஆட்டு முடியும் மனித முடியும் சோறு. செயற்கை முடியை அது சீண்டாது. கழற்றிய முடியையும், வாங்கிவைத்த புது முடியையும் காற்றுப் புகாத பையில் கட்டி, டீப் பிரீசரில் இரண்டு வாரம் வைத்தால் புழு சாகும். ஐஸ்கிறீம் டப்பாவுக்குப் பக்கத்தில் முடிப்பொட்டலத்தைப் பார்த்து வீட்டுக்காரர் கேட்கும் கேள்விக்கு நான் பொறுப்பல்ல. வெளியே எடுத்ததும் பையைப் பிரிக்காமல் ஒரு நாள் விடுங்கள், இல்லையென்றால் முடி வியர்த்து நனைந்துவிடும். நப்தலின் உருண்டையைப் பொம்மையோடு போட்டு வைக்காதீர்கள், பிளாஸ்டிக் வகைகளோடு அது ஒத்துப்போவதில்லை.

## குட்டை முடி பசைக்குள் மூழ்கிக் கம்பியாகிறது

முடி ஒன்றிரண்டு சென்ரிமீற்றர்தான் இருக்கும்போது இது வரும். பசை இழை வழியே ஏறி நுனிவரை போய்விடும். சூப்பர் குளூவானால் இனி வாரிச் சரிசெய்ய முடியாது. வெள்ளைப் பசையானால் வெதுவெதுப்பான தண்ணீர் தொட்ட தூரிகையால் அன்றைக்கே மெல்லக் கழுவிவிடலாம், உலரும் களித் தலையில் தண்ணீர் சொட்டாமல். மறுபடி ஒட்டும்போது பசையை மெல்லப் பூசி, தொட்டால் கையில் ஒட்டுகிற, ஆனால் நகராத பதம் வரும்வரை பொறுத்து, அதன்பின் முடியை வையுங்கள்.

இந்தக் குட்டை முடி பெரும்பாலும் எங்கிருந்து வரும் தெரியுமா? ஒரு தாய், கோயிலில் மொட்டை அடித்தபோது எடுத்துவைத்த மகனின் முதல் முடியை நெருப்புப்பெட்டிக்குள் கொண்டுவந்து, இதையே பொம்மைக்கு வைத்துத் தரச் சொன்னார். மாமியாருக்கு அதில் விருப்பமில்லை, சாமிக்குக் கொடுத்த முடியைப் பொம்மைக்குக் கொடுப்பதா என்று கேட்டிருக்கிறார். அதைப் பேசி முடித்துவிட்டு வரச் சொன்னேன். மூன்று வாரம் கழித்து இருவரும் ஒன்றாக வந்தார்கள்.

அந்த முடியில் ஒரு சிக்கல். அதற்கு முன் வெட்டப்படாத முடி என்பதால் ஒரு முனை ஊசிபோல் மெலிந்து முடியும், சவரக்கத்தி பட்ட முனை மொட்டையாக இருக்கும். மொட்டை முனைதான் பசைக்குள் போக வேண்டும். பெட்டிக்குள் இரண்டும் கலந்து கிடந்தால், ஓர் இழையைப் பெருவிரலுக்கும் சுட்டுவிரலுக்கும் இடையில் நீளவாக்கில் வைத்து முன்னும் பின்னும் தேய்த்துப் பாருங்கள். இழை தானாக ஒரு பக்கம் நகரும். முடியின் செதில்கள் நுனியை நோக்கிச் சாய்ந்திருப்பதால் அது எப்போதும் வேர்ப்பக்கமாகவே நகரும். அப்படி ஒவ்வொன்றாகத் திசை பிரித்து, வேரெல்லாம் ஒரு பக்கம் வரும்படி ஈரக் கடதாசியில் அடுக்கிக்கொண்டேன். அதற்கே இரண்டு பிற்பகல் போயிற்று. ஒட்டுவதற்கு முக்கால் மணிதான். இத்தகைய முடிக்கு மாற்று கிடையாது என்பதால் முதலில் நூல்முடியை வைத்து வேறொரு தலையில் ஒத்திகை பாருங்கள், இருப்பதில் பாதியை மட்டும் பயன்படுத்துங்கள். மிச்சத்தை அதே நெருப்புப்பெட்டியில் போட்டுத் தாயிடம் திருப்பிக் கொடுத்துவிடுங்கள்.